பதினோராம் பயிற்சி

சேலம், செவ்வாய்ப்பேட்டை
21 ஆகஸ்டு 1938

அன்புள்ள தங்கை சௌந்திரத்துக்கு,

உன் அண்ணன் புத்தகம் போட்டுவிட்டான்! முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற சமாசாரமெல்லாம். நீல அட்டை, தடித்த காகிதம், அட்டையின் நடுவில் ‘ஆங்கில வாக்கியம் அமைக்கும் வழி’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே கே. ராசப்பன், பி.ஏ., எல்.டி. என் வீட்டுக்காரி, உன் நங்கை பெருமாயி அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு வரியாவது எனக்குப் புரியுமுங்களா?” என்றாள். “உனக்கு எதுக்கு, சேலத்துப் பையன்களுக்குப் புரிந்தால் போதும்” என்றேன். அதற்கு அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். இன்னொன்று உன் கொழுந்தன் பாலசுந்தரத்துக்கு. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. தையில் கல்யாணத்தையும் வைத்துக்கொண்டு மறுபடியும் கோட்டை விட்டால் ஆட்டையாம்பட்டிப் பெண் வீட்டார் சிரிக்க மாட்டார்களா? பதினோராம் பயிற்சியை மட்டும் கரைத்துக் குடிக்கச் சொல். பரீட்சையில் நிச்சயம் வரும்.

அது என்ன பயிற்சி என்று கேட்பாய். இரண்டு வாக்கியத்தை ஒன்றாக இணைப்பது. நம் பாஷையில் ‘அவர் வந்த ஊர்’, ‘அவர் வந்த நாள்’, ‘அவர் வந்த காரணம்’ என்று மூன்றுக்கும் ஒரே ‘வந்த’வைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். இடம் என்றால் ‘வேர்’, காலம் என்றால் ‘வென்’, காரணம் என்றால் ‘வொய்’ என்று தனித்தனியாக ஒரு சொல்லை நடுவில் வைத்துத்தான் முடிச்சுப் போடுவான். நம் பையன்கள் தடுக்கி விழுவதே இங்கேதான்.

மற்றப் புத்தகங்களில் இதற்கு லண்டன் பாலத்தையும், ஏதோ ஒரு ராணி பிறந்த அரண்மனையையும்தான் உதாரணம் காட்டுவார்கள். லண்டன் பாலத்தை எந்தப் பையன் கண்டான்? என் புத்தகத்தில் மேச்சேரிச் சந்தை வருகிறது, தாரமங்கலம் தேர் வருகிறது, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறுகிற இடம் வருகிறது. எங்கள் தலைமையாசிரியரே பதினோராம் பயிற்சியைப் படித்துவிட்டு, “இதில் உயிர் இருக்கிறதய்யா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை வெள்ளியங்கிரிக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைக்கு முத்தம்.

உன் அண்ணன்,
ராசப்பன்


புளியங்காட்டு வளவு, தாரமங்கலம் போஸ்ட்
வெகுதானிய வருஷம், ஆவணி 20

அண்ணாவுக்கு சௌந்திரம் எழுதிக்கொண்டது.

புத்தகம் வந்து சேர்ந்தது. வராமலே தபாலில் தொலைந்து போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

பாலசுந்தரம் ஆசையாகத்தான் பிரித்தான். “உங்கண்ணன் நம்மூரையெல்லாம் போட்டிருக்கறாரு நங்கை, கேளுங்க” என்று சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பதினோராம் பயிற்சி வந்தது.

‘மேச்சேரி ஒரு ஊர். அங்கே அவருடைய தங்கை இருக்கிறாள். இணை.’

‘புதன்கிழமை ஒரு நாள். அன்று அவர் ஒரு மூட்டை கம்போடு அங்கே போகிறார். இணை.’

‘ஆடு வாங்கப் போவதாக ஊரில் சொல்கிறார். உண்மைக் காரணம் வேறு. இணை.’

‘அவள் வீட்டை விட்டுப் போன வருஷம் ஒன்று. அந்த வருஷம் காவேரியில் பெருவெள்ளம் வந்தது. இணை.’

கடைசி வரியை அவன் இரண்டு தரம் படித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். “நங்கை, எங்கக்கா வெள்ளத்துல போகலீங்களா?” என்று கேட்டான்.

உங்களுக்குத் தெரியாததா அண்ணா? என் நாத்தனார் பூவாத்தாள் வேறு சாதி நெசவுக்காரரோடு போனபோது பாலசுந்தரம் நாலு வயசுப் பிள்ளை. பங்காளிகள் எல்லாரும் கூடி அவளுக்குத் தலை முழுகினார்கள். பிள்ளையிடம் அக்கா ஆற்று வெள்ளத்தில் போய்விட்டாள் என்று சொல்லி வளர்த்தார்கள். அவளோடு பேச்சு வைத்திருக்கிற வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அன்றைக்கே கட்டுப்பாடு. உங்கள் மாப்பிள்ளை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஆட்டுச் சந்தைக்குப் போகிற சாக்கில் அவளுக்குக் கம்பும் ராகியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் குழந்தை தலைமேல் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னிடமே சொன்னார்.

அந்தச் சத்தியத்தை மீறி நான் ஏன் உங்களிடம் சொன்னேன்? தைப்பூசத் தேருக்கு வந்தபோது நீங்கள் என்ன கேட்டீர்கள்? “வாராவாரம் மேச்சேரிக்கு ஓடுறாரே மாப்பிள்ளை, அங்கே ஏதாச்சும் தொடுப்பு கிடுப்பு உண்டா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டீர்கள். என் புருஷனை நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன். நான் இருக்கிற வீட்டு மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

பாலசுந்தரம் கேட்டதற்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டான். எழுந்து நேராகக் கட்டுத்தறிக்குப் போனான். அங்கே இவரும் பங்காளிகளும் ஒரு காளையைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், “அண்ணா, அக்கா உசுரோட மேச்சேரில இருக்குதாமா? வாராவாரம் நீங்க போயிப் பாக்கறீங்களாமா?” என்று கேட்டுவிட்டான்.

அப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?

சௌந்திரம்


சேலம்
9 செப்டம்பர் 1938

அன்புள்ள சௌந்திரம்,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நீ பதற்றத்தில் எழுதியிருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார் சாமி.

நான் ஒருவர் பெயரையும் போடவில்லை. ‘அவர்’ என்று இருக்கிறது, ‘அவருடைய தங்கை’ என்று இருக்கிறது. அவ்வளவுதானே? நம் பக்கத்தில் மேச்சேரிக்கு ஆடு வாங்கப் போகாத குடியானவன் யார்? தங்கைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகாத அண்ணன் யார்? புத்தகத்தில் ஆயிரம் வாக்கியம் இருக்கிறது. அதில் நாலு வாக்கியத்தை எடுத்து, இது நம்மைத்தான் சொல்கிறது என்று நீங்களாக முடிச்சுப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

உன் கொழுந்தனுக்கு ஒரு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். அது வெறும் கற்பனை, இலக்கணத்துக்காக எழுதியது, உங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அவனிடம் கொடு. பங்காளிகளிடமும் படித்துக் காட்டச் சொல். வாத்தியார் சொன்னால் நம்புவார்கள்.

அச்சுக்கூடத்தில் மீதி இருக்கிற பிரதிகளில் அந்த ஏட்டைக் கிழித்துவிடச் சொல்கிறேன். இதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

உன் அண்ணன்


புளியங்காட்டு வளவு
புரட்டாசி 6

அண்ணாவுக்கு,

நீங்கள் வைத்த சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். பதினாலு வருஷம் ஒரு பொய் சொல்லி வளர்த்த பிள்ளையிடம் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பெயர் போடவில்லை, பெயர் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரைப் போட்டீர்கள், கிழமையைப் போட்டீர்கள், மூட்டையில் இருக்கிற தானியத்தைக்கூடப் போட்டீர்கள். இதற்குமேல் பெயர் எதற்கு?

அன்று ராத்திரியே இவர் என்னைக் கேட்டார். “நீ சொன்னியா?” ஒரே கேள்விதான். “ஆமாங்க” என்றேன். கையை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய் வைக்கோற் போர் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அன்றையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், போதும் என்றால் கையை மறிக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் குழந்தையிடம் சொல்லி என் காதில் விழவைக்கிறார்.

புதன்கிழமை வந்தால் பங்காளி வீட்டு ஆள் யாராவது வண்டித்தடத்தில் வந்து நின்றுகொள்கிறார்கள், இவர் கிளம்புகிறாரா என்று பார்ப்பதற்கு. இவர் மேச்சேரிக்குப் போய் மாசம் ஆகிறது. அங்கே பூவாத்தாள் புருஷனுக்கு இழுப்பு நோய், தறியில் உட்கார முடியாது. அவள் நூல் இழைத்துக் கொடுத்து என்ன சம்பாதித்துவிடப் போகிறாள்? அவர்கள் அடுப்பில் பூனை படுத்திருக்குமோ என்னவோ. நான் இங்கே ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அதுதான் நினைப்பு.

தப்பு உங்களுடையது மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னது என் வாய். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுதுங்கள். அந்த வரிகளை எழுதும்போது என்னை ஒரு நிமிஷமாவது நினைத்தீர்களா?

சௌந்திரம்


சேலம்
14 அக்டோபர் 1938

சௌந்திரம்,

நினைக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எத்தனையோ காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். அச்சுக்கூடத்துக்காரர் அவசரப்படுத்தினார், அது உண்மை. பதினோராம் பயிற்சிக்கு உதாரணம் போதவில்லை, அதுவும் உண்மை. இடம், காலம், காரணம் மூன்றும் ஒரே கதையில் அமைகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ தேரடியில் அழுதுகொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை, மாப்பிள்ளையை நினைக்கவில்லை. வாக்கியம் நன்றாக வருகிறது என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. சொல்லவே கேவலமாக இருக்கிறது.

போன புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு மூட்டை கம்பு வாங்கிக்கொண்டு மேச்சேரிக்குப் போனேன். மாப்பிள்ளை போக முடியாத இடத்துக்கு நான் போவதுதான் நியாயம் என்று தோன்றியது. சந்தையில் விசாரித்து, நெசவுக்காரர் குழந்தைவேல் வீடு என்று கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். பூவாத்தாள் வாசலில் ராட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, எனக்குப் பின்னால் தெருக்கோடி வரை பார்த்தாள்.

“அண்ணன் வரலீங்களா?”

நான் யார் என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. அவள் கோபித்துக்கொள்வாள், சாபம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவளோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “என்னையப் பத்திப் புஸ்தகத்துல எழுதியிருக்குதுங்களா?” என்று கேட்டாள். முகத்தில் ஒரு ஆசை. சத்தியமாகச் சொல்கிறேன், ஆசைதான்.

“ஆமாம்மா.”

“எம் பேரு இருக்குதுங்களா அதுல?”

“இல்லை. பேர் போடவில்லை.”

“அட, பேரு கூடப் போடலீங்களா?” என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அங்க என்னைய எல்லாரும் செத்தவன்னு வெச்சுட்டாங்க. எம் பேரையே யாரும் சொல்றதில்லைன்னு அண்ணன் சொல்லும். புஸ்தகத்துலயாச்சும் இருக்குமோன்னு பாத்தனுங்க.”

பெயர் போடவில்லை, பெயர் போடவில்லை என்று உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

பேச்சை மாற்றுவதாக நினைத்து, தையில் பாலசுந்தரத்துக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது. “பாலுக்குட்டிக்கா?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “இணைச்சீருக்கு யாருங்க நிக்கறாங்க?” என்று கேட்டாள். அந்தச் சீரில் கல்யாண மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள்தானே பக்கத்தில் நிற்க வேண்டும்! கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும்தானே பிடிக்க வேண்டும்! பெரியப்பா மகள் குப்பாயி நிற்பதாகக் கேள்வி என்றேன். “குப்பாயி நல்லா நிப்பா. அவளுக்கு நல்ல ஒயரம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

மூட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. “அண்ணன் கையால வந்தா வாங்கிக்குவேனுங்க. நீங்க கொடுத்தா அது பிச்சை ஆயிருமுங்க” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வந்த வழியே மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தை வரை நடந்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். இப்போது அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

ராசப்பன்


புளியங்காட்டு வளவு
கார்த்திகை 11

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பாலசுந்தரத்திடம் கொடுத்து, அவர் காதில் விழுகிற மாதிரி கட்டுத்தறியில் வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இனி இந்த வீட்டில் எதையும் நான் ஒளித்து வைப்பதாக இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார். ‘பேரு கூடப் போடலீங்களா’ என்ற இடம் வந்ததும் வாளியை வைத்துவிட்டுக் காட்டுப்பக்கம் போய்விட்டார். பொழுது சாய்ந்துதான் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

பாலசுந்தரம் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டான். “இணைச்சீருக்கு எங்கக்கா நிக்கோணும். எங்கக்கா உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்கு? இல்லீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்” என்கிறான். குப்பாயியின் அப்பா வந்து வாசலில் நின்று, “அவ காலு இந்தப் பந்தல்ல பட்டுதுன்னா நாங்க அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயிருவோம். அப்பறம் உங்கூட்டுப் பொணத்தத் தூக்கவும் ஆள் வராது, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தச் சித்தப்பன், பெரியப்பன் பேசுகிற பேச்சா இது?

ஆட்டையாம்பட்டியிலிருந்து பெண்ணைப் பெற்றவர் வந்து, கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்டார். உறுதி வார்த்தை பேசி வெற்றிலை மாற்றிய பெண் அண்ணா. பெயர் அங்காளம்மாள், பதினாறு வயசு. கல்யாணம் நின்றால் அவளைத்தான் ராசி இல்லாதவள் என்பார்கள். பூவாத்தாள் ஒருத்தி பிழைப்பைக் கெடுத்தது போதாது என்று, முகம் தெரியாத இந்தப் பெண்ணையும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கெடுக்கப் போகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

உங்களைப் பற்றி உங்கள் மாப்பிள்ளை பாலசுந்தரத்திடம் சொன்னது இது: “அந்த வாத்தியாரு என்ற வாசப்படிய மிதிக்கப்படாது.” என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். அதனால் உங்களுக்குக் கல்யாணக் கடிதாசி வராது. நங்கையையும் அனுப்ப வேண்டாம். மேச்சேரிக்கும் நீங்கள் மறுபடி போகாதீர்கள்.

சௌந்திரம்


சேலம்
18 ஜனவரி 1939

அன்புள்ள சௌந்திரம்,

கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று தாரமங்கலத்து ஆள் ஒருவர் மூலம் தெரிந்துகொண்டேன். இணைச்சீருக்கு யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை, பங்காளிகள் மிரட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நீ வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு உங்கள் வீட்டில் நடக்கிற முதல் கல்யாணம். அண்ணன்காரன் சீர்த்தட்டோடு வராமல் நீ பந்தலில் தனியாக நிற்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் தாரமங்கலம் சத்திரத்துக்கு வந்துவிடுவேன். உனக்கும் பாலசுந்தரத்துக்கும் எடுத்த துணி என்னிடம் இருக்கும். மாப்பிள்ளை மனசு இளகினால், ஒரே ஒரு ஆளை அனுப்பு. ஓட்டமாக ஓடி வருவேன். ஒரு மூலையில் நின்று துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன், வாயே திறக்கமாட்டேன். ஆள் வராவிட்டால் சாயங்கால பஸ்ஸில் சேலம் திரும்பிவிடுவேன். உன்மேல் வருத்தப்படமாட்டேன்.

புத்தகம் மறுபடி அச்சாகிறது. பதினோராம் பயிற்சியை எடுத்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். இப்போது அங்கே லண்டன் பாலம்தான் இருக்கிறது. தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கட்டும்.

உன் அண்ணன்


புளியங்காட்டு வளவு
தை 14

அண்ணாவுக்கு,

கல்யாணம் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று விடிகாலையில் எழுந்தால் இவரையும் காணோம், வண்டியையும் காணோம். முகூர்த்த நாளும் அதுவுமாக வீட்டுப் பெரியவர் எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? பேசினால்தானே! பந்தலில் பங்காளிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. குப்பாயி பட்டுடுத்தித் தயாராக நிற்கிறாள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர், “இணைச்சீருக்கு நேரமாச்சு, கூடப்பொறந்தவளக் கூப்புடுங்க” என்றார். பாலசுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூறைச் சேலையை நீட்டினால் வாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான் போய், “சாமி, உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன், அந்தப் புள்ளைய நினைச்சுப் பாரு” என்று கெஞ்சினேன். அசையவில்லை.

அப்போதுதான் வண்டி வந்தது. பட்டப்பகலில், ஊர்ப் பொதுத்தடத்தில், மணி கட்டிய வண்டி. முன்னால் இவர், பக்கத்தில் பூவாத்தாள். முக்காடுகூடப் போடவில்லை. இவர் அவள் கையைப் பிடித்து இறக்கிப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இவ எங்கூடப் பொறந்த பூவாத்தா. வெள்ளத்துல போனான்னு சொன்னது நாங்க சொன்ன பொய்யி. பதினாலு வருசமா திருட்டுத்தனமாப் போயிப் பாத்துட்டு வந்தேன். இனி அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம். இருக்கறவங்க இருங்க, போறவங்க போங்க” என்றார்.

போனார்கள், அண்ணா. ஒவ்வொரு வரிசையாக எழுந்து போனார்கள். குப்பாயியை அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவள் போகிற போக்கில் தன் கையில் இருந்த சேலைத் தலைப்பைப் பூவாத்தாள் கையில் வைத்து, “புடி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அருமைக்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். எழுந்து போகிறவர்களைப் பார்த்தார், பூவாத்தாளைப் பார்த்தார். “தொடங்குன சீர நிறுத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பூவாத்தாள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாலசுந்தரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பிடிவாதம் பிடித்தவனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. “அக்காவா?” என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அங்காளம்மாள் கழுத்தில் தாலி ஏறியது. இருந்தவர்கள் பெண் வீட்டாரும் பண்ணையத்து ஆட்களும்தான். வடித்த சோற்றில் பாதி அப்படியே இருந்தது.

இனி இந்த வீட்டுக்கு நாலு பேர் துணை இல்லை. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று போகப் போகத்தான் தெரியும். ஆனாலும் பூவாத்தாள் எங்கள் சமையற்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். அவள் பெயரைச் சொல்லி எல்லாரும் கூப்பிட்டோம்.

நீங்கள் சத்திரத்தில் இருந்தது எனக்குத் தெரியும். இவரும் பார்த்திருக்கிறார். மேச்சேரியிலிருந்து வரும்போது வண்டி அந்த வழியாகத்தானே வரவேண்டும். தாலி கட்டி முடித்ததும் என்னிடம் வந்தார். இத்தனை மாசம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. “உங்கண்ணன் சத்திரத்துல துணிமூட்டைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. ஆள் உட்டுக் கூப்புடறதுன்னா கூப்புட்டுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சரிங்க என்றேன். வண்டிக்காரனைக் கூப்பிட வாசல் வரை வந்தேன். அங்கே பெண் வீட்டார் இரண்டு பேர், “அந்த வாத்தியாரு எழுதுனதாலதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, மகராசன்” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வந்தால் உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நீங்கள் முதலில் இல்லை இல்லை என்பீர்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் அவர் சுமந்ததும், கல்யாண மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், பூவாத்தாள் தெருக்கோடி வரை பார்த்ததும் உங்கள் புத்தகத்தால் விளைந்த நன்மை என்று ஆகிவிடும். அதை என் வீட்டு வாசலில் நின்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம்தான். சாயங்கால பஸ்ஸுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. ஆள் இருந்தது, வண்டி இருந்தது. அவர் உத்தரவும் கொடுத்துவிட்டார்.

நான்தான் ஆள் அனுப்பவில்லை, அண்ணா.

சௌந்திரம்